அப்பாவை லோ ஆங்கிளில் எடுத்தும் கம்பீரம் ஏன் வரவில்லை?

கேள்வி சுருக்கமாக இது. குறும்படம் ஒன்று எடுக்கிறீர்கள். கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் கேட்டு மகன் அப்பா முன்னால் வந்து நிற்கிறான். அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ‘லோ ஆங்கிள் (கீழிருந்து பார்ப்பது) என்றால் அதிகாரம், ஹை ஆங்கிள் (மேலிருந்து பார்ப்பது) என்றால் பலவீனம்’ என்று எங்கோ படித்ததை நம்பி, போனைத் தரையில் வைத்து அப்பாவை அண்ணாந்து பார்க்கிற மாதிரி எடுத்துவிட்டீர்கள். எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால் கம்பீரத்தைக் காணோம். மூக்குத் துவாரமும் சீலிங் ஃபேனும்தான் தெரிகின்றன, நண்பர்கள் சிரிக்கிறார்கள். கேமரா கோணத்துக்கு உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறதா, இல்லை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற கதைதானா என்று கேட்கிறீர்கள்.

அர்த்தம் இருக்கிறது. நீங்கள் படித்த அந்த இரண்டு வரிதான் பிரச்சினை. அது கோணத்தை அகராதிச் சொல் மாதிரி நடத்துகிறது: இந்தச் சொல்லுக்கு இந்த அர்த்தம், மனப்பாடம் செய்துகொள். எனக்கென்னவோ கோணம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த வேற்றுமை உருபு மாதிரிதான் தோன்றும். ‘கு’ என்பதற்குத் தனியாக என்ன அர்த்தம்? அப்பாவுக்குக் கொடுத்தான், அப்பாவுக்குப் பயந்தான், அப்பாவுக்கு முடியவில்லை. உருபு ஒன்றுதான், மூன்று இடத்தில் மூன்று வேலை செய்கிறது. எந்தப் பெயரோடு ஒட்டியிருக்கிறது, பின்னால் என்ன வினை வருகிறது என்று பார்த்தால்தான் அது சொல்வது புரியும். கோணத்திலும் அதே கதை. யாரோடு ஒட்டியிருக்கிறது, அவருக்குப் பின்னால் என்ன தெரிகிறது, முந்தைய ஷாட் எப்படி இருந்தது, யார் கண்ணால் பார்க்கிறோம். இந்த நான்கையும் விட்டுவிட்டு கேமராவை மட்டும் தரையில் வைத்தால் வெறும் ‘கு’ தான் மிஞ்சும்.

உங்கள் ஷாட்டையே எடுத்துக்கொள்வோம். கேமராவைக் கீழே இறக்கி மேல்நோக்கித் திருப்பினால் முதலில் மாறுவது ஆளுக்குப் பின்னால் இருப்பவை. வெளியில் என்றால் வானம் வரும். வீட்டுக்குள் என்றால் கூரை வரும். கூரையோடு ஃபேன், ஒட்டடை, டியூப் லைட் எல்லாம் சேர்ந்து வரும். டியூப் லைட் ஃப்ரேமுக்குள் வந்ததும் போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே வாங்கும் வெளிச்சத்தின் அளவை, குறைத்துவிடும், அப்பாவின் முகம் இருண்டுபோகும். தலைக்கு மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் கண் குழி கறுப்பாகத்தான் இருக்கும், அது வேறு. அப்புறம் தூரம். போனின் வழக்கமான கேமரா ஏறக்குறைய 24 முதல் 26 மிமீ லென்ஸுக்குச் சமமான வைடு, அதாவது நிறைய இடத்தை ஃப்ரேமுக்குள் அடக்குகிற லென்ஸ். அதை இரண்டடி தூரத்தில், காலடியில் வைத்திருக்கிறீர்கள். லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது முழங்கால், அடுத்து தொப்பை, அடுத்து தாடை. மிகத் தொலைவில் இருப்பது நெற்றியும் கண்ணும். அருகில் இருப்பது பெரிதாகும், தள்ளியிருப்பது சிறிதாகும். கண்ணால் மிரட்டுகிற மனிதரை எடுத்து, அந்தக் கண்ணையே முகத்தில் மிகச் சிறிய பொருளாக ஆக்கிவிட்டீர்கள். ஃபேன் வேறு தலையில் முளைத்த கொம்பு மாதிரி நிற்கிறது.

அப்படியானால் நம் ஊர் மாஸ் இன்ட்ரோவில் மட்டும் லோ ஆங்கிள் எப்படி வேலை செய்கிறது? அங்கே நடப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் திறந்த வெளி. ஹீரோவின் தலை வானத்தில் இருக்கும், குழப்புவதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கேமரா காலடியில் இருக்காது, நன்றாகத் தள்ளியிருக்கும்; நீளமான லென்ஸ், அதாவது தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டுகிற லென்ஸ் போட்டிருப்பார்கள், அதனால் முகம் கெடாது. இன்னொரு சங்கதி, பலருக்குத் தெரியாதது: கேமராவை மேல்நோக்கித் திருப்பாமல் உயரத்தை மட்டும் இடுப்பளவுக்குக் குறைத்தாலே ஒன்று நடக்கும். கேமரா நேராகப் பார்க்கும்போது, அதே உயரத்தில் இருப்பதெல்லாம் தூரம் எவ்வளவானாலும் ஃப்ரேமில் ஒரே கோட்டில் வரும். கண் உயரத்தில் வைத்தால் ஹீரோவின் கண்ணும் பின்னால் வருகிற ஐந்து பேரின் கண்ணும் ஒரே கோடு. இடுப்பு உயரத்தில் வைத்தால் இடுப்புகள்தான் ஒரே கோடு. முன்னால் இருப்பவரின் தலை மேலே போய்விடும், பின்னால் இருப்பவர்களின் தலை கோட்டை நோக்கி இறங்கிவிடும். ஆறு பேரும் ஒரே உயரமாக இருந்தாலும் முன்னால் வருபவர் மற்றவர்களுக்கு மேல் ஒரு தலை உயர்ந்து நிற்பார். வசனமே தேவையில்லை.

ஆனால் கம்பீரத்தை இதெல்லாம் சேர்ந்துகூட முழுதாகத் தருவதில்லை. பாதி வேலையைத் தியேட்டருக்கு வெளியே நிற்கிற கட்டவுட் செய்துவைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. அறுபதடிக் கட்டவுட்டின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு, திரையில் அதே பார்வை வரும்போது இதுதான் நம் இடம் என்று தெரிகிறது. பார்வையாளர் கீழே, நாயகர் மேலே. இந்த ஏற்பாடு நாம் கண்டுபிடித்ததும் இல்லை, எப்போதும் விசில் அடிக்கிற மாதிரி வெகுளியானதும் இல்லை. 1934இல் நியூரம்பெர்க்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டை ஜெர்மன் இயக்குநர் லெனி ரீஃபென்ஷ்டால் படமாக்கியபோது, கொடிக்கம்பத்தில் லிஃப்ட் கட்டி கேமராவை ஏற்றினார். மேலிருந்து பார்த்தால் கூட்டம் கோலப்புள்ளி மாதிரி வரிசையாகத் தெரியும்; கீழிருந்து பார்த்தால் தலைவர் வானத்தில் தெரிவார். இரண்டையும் அடுத்தடுத்து வெட்டினால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

சரி, இப்போது அந்த இரண்டு வரி விதியை உடைக்கிற படத்துக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், லோ ஆங்கிளுக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவதே இந்தப் படத்தைத்தான். 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’. ஆர்சன் வெல்ஸ் இயக்கம், கிரெக் டோலண்ட் ஒளிப்பதிவு. படத்தின் மிகத் தாழ்வான கோணம் எங்கே வருகிறது தெரியுமா? படத்தின் நாயகன், பத்திரிகை முதலாளி கேன், கவர்னர் தேர்தலில் தோற்ற இரவில். பிரசார அலுவலகம் காலியாகக் கிடக்கிறது, தரையெல்லாம் காகிதக் குப்பை. பழைய நண்பர் லீலண்ட் குடித்துவிட்டு வந்து, உனக்கு உன்னைத் தவிர யார் மேலும் அக்கறை இல்லை என்கிற தொனியில் பேசுகிறார். இந்தக் காட்சிக்காக ஸ்டுடியோத் தரையையே தோண்டிக் கேமராவைக் குழிக்குள் இறக்கினார்கள். கேனின் கால்கள் தூண் மாதிரி நிற்கின்றன, ஆள் மலை மாதிரி எழுகிறார். ஆனால் தோற்றுப்போனவர்.

விதிப்படி பார்த்தால் இது தப்பான கோணம். தோற்றவரை ஹை ஆங்கிளில் அல்லவா காட்ட வேண்டும்? இந்தக் காட்சியைப் பல தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கண் அவர் உருவத்தில் நிற்பதில்லை, தலைக்கு மேல் போகிறது. அங்கே கூரை இருக்கிறது. அந்தக் காலத்து ஸ்டுடியோ செட்டுகளுக்குப் பெரும்பாலும் கூரை கிடையாது. விளக்கும் மைக்கும் மேலே தொங்க வேண்டுமே. டோலண்ட் கூரையைக் காட்டியே தீருவது என்று முடிவெடுத்து, மஸ்லின் துணியை இழுத்துக் கட்டிக் கூரையாக்கினார். மைக்குகள் துணிக்கு மேலே மறைந்துகொண்டன. அந்தத் துணிக் கூரைதான் இந்தக் காட்சியில் கேனின் தலையை அழுத்துகிறது. இவ்வளவு பெரிய ஆள், நிற்பதற்கு இடமில்லாமல் நிற்கிறார். லோ ஆங்கிள் அவரைப் பெரிதாக்குகிறது, அதே லோ ஆங்கிள் அவரை அடைக்கவும் செய்கிறது.

இதே கூரையை இன்னொருவர் வேறு கணக்கில் பயன்படுத்தினார். சிட்னி லூமெட்டின் முதல் படம் ‘12 ஆங்ரி மென்’, 1957. கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகள் பன்னிரண்டு பேர், ஒரே அறை, புழுக்கமான நாள். கிட்டத்தட்ட முழுப் படமும் அந்த அறைக்குள்தான். போரடிக்காதா என்று யாருக்கும் பயம் வரும். லூமெட் அறை போதவில்லையே என்று கவலைப்படுவதற்குப் பதிலாக, அந்த அறையைப் போகப்போக இன்னும் சிறியதாக்கினார். முதல் மூன்றில் ஒரு பங்கு படம் கண் உயரத்துக்கு மேலிருந்து எடுத்தது. நடுப்பகுதி கண் உயரம். கடைசிப் பகுதி கண் உயரத்துக்குக் கீழே. கூடவே லென்ஸும் வரவர நீளமாகிக்கொண்டு போகிறது. விளைவு: ஆரம்பத்தில் பின்னணியில் தரையும் மேசையும் தெரிகின்றன, அறை விசாலமாக இருக்கிறது. கடைசியில் கூரை தெரிய ஆரம்பிக்கிறது, பின்சுவர் முதுகில் வந்து ஒட்டிக்கொள்கிறது. எல்லாம் முடிந்து வெளியே வரும் கடைசி ஷாட்டில் வைடு லென்ஸ் போட்டு, மேலிருந்து காட்டி, நம்மை மூச்சுவிட வைக்கிறார். இதற்கெல்லாம் ஒளிப்பதிவு போரிஸ் காஃப்மன். (சோவியத் இயக்குநர் ஜிகா வெர்டோவின் தம்பி இவர். கேமராவை எங்கே வைப்பது என்பதை அந்தக் குடும்பம் கொஞ்சம் அதிகமாகவே யோசித்திருக்கிறது.)

இந்தப் படத்தின் கடைசிப் பகுதியில் எல்லாருமே லோ ஆங்கிளில்தான் இருக்கிறார்கள். எல்லாருக்குமா அதிகாரம் வந்துவிட்டது? புழுக்கம்தான் வந்திருக்கிறது. படம் பார்க்கும்போது இது எதுவும் கண்ணில் படாது, சட்டைக் காலரைத் தளர்த்திக்கொள்ள வேண்டும் போல மட்டும் இருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கேமராவின் உயரம் வேறு, சாய்வு வேறு. ‘லோ ஆங்கிள்’ என்று இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால் வருகிற குழப்பம் இது. ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு கேமராவைத் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்திலேயே வைப்பார். 1953இல் வந்த ‘டோக்கியோ ஸ்டோரி’ நல்ல உதாரணம். ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுட்டா அதற்கென்றே குட்டை ஸ்டாண்டு வைத்திருந்தார். லென்ஸ் அனேகமாக எப்போதும் 50 மிமீ, வைடும் இல்லை, ரொம்ப நீளமும் இல்லை. கேமரா தாழ்வாக இருக்கிறது, ஆனால் அண்ணாந்து பார்ப்பதில்லை, கிட்டத்தட்ட நேராகத்தான் பார்க்கிறது. பாயில் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பாயில் உட்கார்ந்தே பார்ப்பது. அதில் அதிகாரமும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. விருந்தாளிக்கு வீட்டில் ஓர் இடம் கொடுத்து உட்காரவைத்த மாதிரி இருக்கும்.

இது நமக்கு நேரடியாகப் பயன்படுகிற விஷயம், ஏனென்றால் நாமும் தரையில் உட்காருகிறவர்கள். பல வருடங்களுக்கு முன்னால் என் பாட்டியைத் திண்ணையில் வைத்து இரண்டு படம் எடுத்தேன். முதலாவது நான் நின்றபடி. கேமரா கீழ்நோக்கிப் பார்த்ததால் பின்னணி முழுக்கச் சிமெண்டுத் தரை. பாட்டி முகத்தை உயர்த்தி, ‘என்ன செய்யணும் சொல்லு’ என்று காத்திருப்பவர் மாதிரி தெரிந்தார். ஊரையே ஆட்டிவைத்த மனுஷி, படத்தில் ஏதோ விண்ணப்பம் கொடுக்க வந்தவர் மாதிரி. இரண்டாவது, ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்து எடுத்தது. தரை போய்விட்டது, பழைய கதவின் மரவேலை பின்னால் வந்தது, முழங்கால்மேல் வைத்த கையும் வெற்றிலைப் பெட்டியும் முன்னால் வந்தன. நகர்ந்தது மூன்றடிகூட இருக்காது. சட்டம் போட்டு மாட்டுவதற்கு மாமா முதல் படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனார். அதில்தான் புடவை முழுசாகத் தெரிகிறதாம்.

ஹை ஆங்கிளும் இப்படித்தான், ஒரே அர்த்தத்தில் நிற்காது. விதி சொன்னபடி கேட்கிற படம் என்றால் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் 1924இல் எடுத்த ‘தி லாஸ்ட் லாஃப்’. பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலில் பித்தான் வைத்த சீருடையோடு நிற்கிற வயதான காவலாளி. கார்ல் ஃப்ராய்ண்டின் கேமரா அவரைக் கீழிருந்து பார்க்கிறது. வேலை பறிபோய், கழிவறையில் துண்டு எடுத்துக் கொடுக்கிற இடத்துக்குத் தள்ளப்பட்டதும் கேமரா மேலேறிவிடுகிறது. அது மௌனப்படம், வசனம் செய்கிற வேலையைக் கோணம் செய்ய வேண்டியிருந்தது, அதனால் இப்படிப் பச்சையாகச் சொன்னாலும் அங்கே பொருந்தியது.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960) நடப்பது வேறு. துப்பறிவாளர் மாடிப்படி ஏறுகிறார். சட்டென்று கேமரா உத்தரத்துக்குப் போய்விடுகிறது, தலைக்கு நேர் மேலிருந்து பார்க்கிறோம், கதவு திறந்து ஓர் உருவம் கத்தியோடு பாய்கிறது. இந்தக் கோணத்துக்கு முதல் காரணம் ஒளித்துவைப்பது. அந்த உருவத்தின் முகம் தெரியக் கூடாது. முதுகுப் பக்கமே காட்டினால் எதையோ மறைக்கிறார் என்று பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். உச்சியிலிருந்து காட்டினால் முகம் தெரியாததுதான் இயல்பு, யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாவது காரணம் அடுத்த ஷாட்: ரத்தம் வழிகிற முகத்தின் பெரிய க்ளோசப். அத்தனை தூரத்தில் சின்னதாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே வெட்டில் முகத்துக்கு முன்னால் போவதால்தான் தூக்கிவாரிப்போடுகிறது. இரண்டு ஷாட்டும் நெருக்கமானவையாக இருந்திருந்தால் பாதி அதிர்ச்சிகூட மிஞ்சியிருக்காது. நான் முந்தைய ஷாட், முந்தைய ஷாட் என்று சொல்வது இதற்காகத்தான்.

கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்கிற ‘டச்சு ஆங்கிள்’ பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. ‘தி தேர்டு மேன்’ (1949) படத்தில் போருக்குப் பின் நான்கு நாடுகள் பங்குபோட்டுக்கொண்ட வியன்னாவைக் காட்ட ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கர் அதைப் பயன்படுத்தினார், ஆஸ்கரும் வாங்கினார். யாரை நம்புவது என்று தெரியாத ஊர், ஃப்ரேமும் நேராக நிற்காத ஊர், பொருந்தியது. ஆனாலும் படத்தைப் பார்த்த இயக்குநர் வில்லியம் வைலர், அடுத்த படத்துக்குக் கேமரா மேல் வைத்துக்கொள்ளச் சொல்லி, கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்றை இயக்குநர் கேரல் ரீடுக்கு அனுப்பிவைத்தாராம். கல்யாண ஆல்பத்தில் மாலை மாற்றுவதைச் சாய்த்து எடுக்கிற தம்பிகளுக்கும் அதே ரசமட்டத்தைத்தான் சிபாரிசு செய்வேன்.

புகைப்படத்தில் முந்தைய ஷாட் கிடையாது, ஒரே ஃப்ரேம்தான். அதனால் அங்கே கோணம், பொருளின் எந்தப் பக்கத்தைப் பேசவிடுவது என்று முடிவுசெய்வதாக ஆகிவிடுகிறது. இதற்கு நான் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி டிபன் தட்டுதான். தோசையை நேர் மேலிருந்து எடுங்கள், அழகாக வரும். வட்டம், வரிவரியான முறுகல், பக்கத்தில் இரண்டு சட்னி. தோசையின் அழகு முழுக்க அதன் பரப்பில் இருக்கிறது. அதே இடத்திலிருந்து இட்லியை எடுங்கள். வெள்ளை வட்டம் இரண்டு, அவ்வளவுதான். மாத்திரைகூட இதைவிடச் சுவையாகத் தெரியும். இட்லியின் பெருமை அது உப்பியிருப்பதில், ஓரத்தில் தெரிகிற துளைகளில், மேலே எழுகிற ஆவியில். தட்டின் விளிம்பு உயரத்துக்கு இறங்கி, பின்னால் கொஞ்சம் இருட்டாக ஏதாவது இருக்கிற மாதிரி வைத்து எடுத்தால்தான் அது இட்லி. பந்தியில் வாழையிலையை மேலிருந்து எடுக்கலாம். சாப்பிடுகிறவரை மேலிருந்து எடுத்தால் வழுக்கைதான் கிடைக்கும்.

கட்டடத்துக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. ஆறு மாடிக் குடியிருப்பின் கீழே நின்று போனைச் சாய்த்து எடுத்தால் சுவர்கள் மேலே போய் ஒன்றையொன்று நெருங்கும், கட்டடமே பின்னால் சாய்கிற மாதிரி இருக்கும். கோபுரத்தை அதே மாதிரி எடுங்கள், அந்தக் குறை தெரியாது. கோபுரம் ஏற்கெனவே மேலே போகப்போகக் குறுகுவதுதானே. கேமரா குறுக்குவதைக் கண் கணக்கில் எடுப்பதில்லை, இன்னும் உயரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. ஒரே கோணம், ஒன்றைக் கெடுக்கிறது, ஒன்றை உயர்த்துகிறது.

மனிதர்களைப் படம் எடுப்பதில் ஒரு பழைய சண்டை இருக்கிறது. ரஷ்யாவில் 1920களில் அலெக்சாண்டர் ரோட்சென்கோ என்கிற கலைஞர், எல்லாரும் கேமராவை வயிற்றுக்கு நேரே வைத்துத் தொப்புளிலிருந்து எடுக்கிறார்கள் என்று கடிந்துகொண்டார். தலைகீழாகப் பாருங்கள், பால்கனிகளைக் கீழே நின்று பாருங்கள், தெருவை மாடியிலிருந்து பாருங்கள் என்றார். அப்படியே எடுக்கவும் செய்தார். 1930இல் எக்காளம் ஊதும் சிறுவன் ஒருவனை நேர் கீழிருந்து எடுத்த படம் புகழ்பெற்றது; முகம் முழுக்கத் தாடையும் கன்னமுமாக இருக்கும். உள்ளடக்கத்தை விட்டுவிட்டு வெறும் உருவ விளையாட்டு என்று அவர்மேல் பெரிய குற்றச்சாட்டே வந்தது. எனக்கு ரோட்சென்கோவைப் பிடிக்கும், ஆனால் இந்தத் தொப்புள் விஷயத்தில் அவரோடு ஒத்துப்போக முடியாது. சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தபடியே தெருவில் படமெடுத்த விவியன் மையர், பெரும்பாலும் ரோலிஃபிளெக்ஸ் கேமராவைத்தான் பயன்படுத்தினார். அதை வயிற்றருகே பிடித்துக்கொண்டு குனிந்துதான் பார்க்க வேண்டும். அதனால் இரண்டு காரியம் நடக்கிறது. எதிரில் நிற்கிற ஏழை எளியவர்கூட லேசாகக் கீழிருந்து பார்க்கப்படுகிறார், அவருக்கு ஒரு நிமிர்வு வருகிறது. கூடவே, படம் எடுப்பவரின் தலை குனிந்திருப்பதால், கேமராவை முகத்துக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டுகிற மிரட்டல் இல்லை. இருபது டிகிரிகூட இராத அந்தச் சின்னக் கோணத்தில், அண்ணாந்து எடுத்த மாதிரியே தெரியாது.

யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை மட்டும் இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன், ஏனென்றால் உங்கள் காட்சி சறுக்கியது முக்கியமாக அங்கேதான். அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) படத்தில் விசாரணைக் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். சாட்சிகள் முற்றத்தில் உட்கார்ந்து நேராகக் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். விசாரிப்பவரின் முகமும் இல்லை, குரலும் இல்லை. அந்த நாற்காலியில் நம்மை உட்காரவைத்துவிட்டார். கோணத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் வந்துவிட்டால் அதன் அர்த்தம் தானாகப் பிறந்துவிடும்.

உங்கள் ஷாட்டுக்குச் சொந்தக்காரர் யார்? மகன் நிற்கிறான், அவன் கண் தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் இருக்கிறது. அப்பா சாய்வு நாற்காலியில் இருக்கிறார், அவர் கண் மூன்றடி உயரம் இருக்கும். மகன் அப்பாவைக் கீழ்நோக்கித்தான் பார்க்கிறான். நீங்களோ தரையிலிருந்து அப்பாவைக் காட்டுகிறீர்கள். அந்த இடத்திலிருந்து பார்க்கிறவர் வீட்டுப் பூனைதான்.

அதனால் இப்படி எடுத்துப் பாருங்கள். முதலில் அப்பாவை மூன்றடி உயரத்தில், சாய்க்காமல், பத்தடி தள்ளி நின்று 2எக்ஸ் லென்ஸில் எடுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். மகனின் இடுப்பும் கையும் மட்டும் ஃப்ரேமின் ஓரத்தில் மங்கலாக இருக்கட்டும். அப்பா பேப்பரை இறக்கக் கூடாது, நிமிர்ந்து பார்க்கவும் கூடாது. ஒருவன் வந்து நிற்கிறான், இவர் பக்கத்தைப் புரட்டுகிறார். நீங்கள் தேடிய அதிகாரம் அதில் இருக்கிறது. அடுத்து மகன். கேமராவின் உயரத்தை மாற்றாமல் அப்பாவின் நாற்காலிப் பக்கமிருந்து திருப்பினால் இப்போது மகன்தான் லோ ஆங்கிளில் வருவான். பயப்படாதீர்கள். நெடுநெடுவென்று, தலை கூரையில் இடிக்கிற மாதிரி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான். கேன் நின்ற மாதிரிதான், கொஞ்சம் சின்ன அளவில்.

தரையிலிருந்து எடுத்த அந்த ஷாட் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு ஒரு சொந்தக்காரரைக் கொடுங்கள். உங்கள் கதையில் அம்மா இருக்கிறார், ஆனால் இந்தக் காட்சியில் இல்லை. அந்தப் பூனையின் இடத்தில் அவரை உட்காரவையுங்கள்: அடுக்களை வாசலில், அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டு. அவர் கை ஒரு நொடி நிற்பதையும் நிமிர்ந்து பார்ப்பதையும் ஒரு ஷாட். அடுத்த ஷாட்டில் அவர் கண் உயரத்திலிருந்து, அடுக்களை வாசல் தூரத்திலிருந்து, நாற்காலியில் ஒருவரும் நின்றபடி ஒருவருமாக அந்த இரண்டு ஆண்களும். நாற்காலியை மட்டும் ஒன்றரையடி இடப்பக்கம் தள்ளிப் போட்டுவிடுங்கள், ஃபேன் தலையை விட்டுப் போய்விடும்.